பழைய மணிச்சரங்கள்: நூலை வெட்டுவதற்கு முன்னும் பின்னும்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். நீங்கள் புதிதாகப் பொறுப்பேற்ற அருங்காட்சியகத்தின் சேமிப்பறையில் நாற்பதுக்கும் மேற்பட்ட பழங்கால மணிச்சரங்கள் இருக்கின்றன. சில அகழாய்விலிருந்து வந்தவை, சில நன்கொடையாகக் கிடைத்தவை. பதிவேட்டில் பெரும்பாலானவற்றுக்கு "மணிமாலை, ஒன்று" என்பதற்கு மேல் எந்த விவரமும் இல்லை. நூல்கள் இற்றுக்கொண்டிருக்கின்றன; சில அறுந்துபோய், மணிகள் தபால் உறைகளில் கிடக்கின்றன. இவற்றை எப்படிப் பட்டியலிடுவது, எல்லாவற்றையும் புதிய நூலில் கோத்துவிடலாமா, கோப்பதென்றால் எந்த நூலில் கோப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கண்காட்சிக்காக முதலில் எடுக்க நினைத்திருக்கும் நீலமணிச் சரத்தின் நூல் "மிகப் பழையதாகத் தெரிகிறது" என்றும் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த வரிதான். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நூலையோ கத்தரியையோ பற்றிப் பேசுவதற்கு முன், ஒவ்வொரு சரத்தைக் குறித்தும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: இந்த மணிகள் இந்த வரிசையில் நிற்பது யாருடைய முடிவு? அதை அணிந்தவர் காலத்து வரிசையாக இருக்கலாம். அகழாய்வுக் குழியில் மணிகள் கிடந்த நிலையைப் பார்த்து அகழாய்வாளர் அமைத்த வரிசையாக இருக்கலாம். உதிரி மணிகள் தொலைந்துபோகாமல் இருக்க முகாமில் யாரோ ஒருவர் மாலை வேளையில் கைக்கு வந்தபடி கோத்துவைத்ததாக இருக்கலாம். விற்பனைக்கு எடுப்பாக இருக்க வேண்டும் என்று பழம்பொருள் வணிகர் பல இடத்து மணிகளைக் கலந்து அடுக்கியதாகவும் இருக்கலாம். இவற்றுக்குப் பிறகு அருங்காட்சியகத்திலேயே நமக்கு முன் இருந்தவர்கள் ஒருமுறையோ இருமுறையோ மாற்றிக் கோத்திருப்பார்கள். நம் கைக்கு வரும் சரங்களில் மிகப் பெரும்பான்மை பிந்திய வகைகளைச் சேர்ந்தவை. கல்லும் கண்ணாடியும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மண்ணில் தாக்குப்பிடிக்கும், நூல் அப்படியில்லை. எகிப்து போன்ற வறண்ட நிலங்களைத் தவிர மற்ற இடங்களில் நூலின் சுவடுகூட மிஞ்சுவது அபூர்வம்.

நூல் மிஞ்சாத இடத்தில் வரிசையை மீட்பது எவ்வளவு பாடு என்பதற்கு அகழாய்வு வரலாற்றிலேயே நல்ல உதாரணங்கள் உண்டு. 1922-இல் துட்டன்காமன் கல்லறையைக் கண்டறிந்த ஹோவர்டு கார்ட்டரும் அவருடைய துணைவர்களும், மணி வேலைப்பாடுகள் பார்வைக்கு முழுமையாக இருந்தாலும் நூல் உள்ளுக்குள் மக்கிப்போயிருந்ததால், தொட்ட மாத்திரத்தில் எல்லாம் உதிர்ந்துவிடும் என்பதை உணர்ந்தார்கள். உருக்கிய பாரஃபின் மெழுகை மேலே ஊற்றி மணிகளை அவை இருந்த இடத்திலேயே பிணைத்த பிறகே தூக்கினார்கள். வண்ணம் தீட்டிய ஒரே ஒரு பெட்டியைக் காலிசெய்ய அவர்களுக்கு மூன்று வாரங்கள் ஆயின. அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன், 1914-இல், எகிப்தின் லாகூனில் இளவரசி சித்தாத்தோரியுனெத்தின் நகைகளை அகழாய்வாளர் கை பிரண்டன் (Guy Brunton) எடுத்தபோது, நகைப்பெட்டிகள் மக்கி, வெள்ளம் கொண்டுவந்து நிரப்பிய இறுகிய சேற்றுக்குள் மணிகள் புதைந்திருந்தன. அவர் இரவும் பகலும் கல்லறைக்குள்ளேயே இருந்து, சேற்றைச் சிறிது சிறிதாக நீக்கி எடுத்தார். அவ்வளவு கவனமாக எடுத்தும்கூட, எந்த மணி எந்த நகையைச் சேர்ந்தது என்பதில் பலவற்றை ஒப்பீட்டைக் கொண்டு ஊகிக்கத்தான் வேண்டியிருந்தது.

ஊகம் பிழைக்கவும் செய்யும். மெசப்பொத்தேமியாவின் ஊர் (Ur) என்ற நகரத்து அரச கல்லறைகளில், 1920-களின் பிற்பகுதியில், அரசி புவாபியின் தலைமாட்டில் ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு லாபிஸ் லாசுலி என்ற நீலக்கல் மணிகளும், விலங்கு, செடிகொடி உருவங்களில் செய்த பொன் தொங்கல்களும் குவியலாகக் கிடைத்தன. அகழாய்வாளர் லெனார்டு வூலி அவற்றை ஒரே தலையணியாக மீட்டமைத்தார். பல பத்தாண்டுகள் அது அப்படியே காட்சியில் இருந்தது. பின்வந்த ஆய்வாளர்கள், அது ஒரே நகையன்று, தனித்தனிச் சரங்கள் ஓரிடத்தில் சேர்ந்து கிடந்தவை என்று வாதிட்டார்கள். வூலி எங்கே என்ன கிடந்தது என்று குறித்துவைத்திருந்ததால்தான் அந்த மறுபரிசீலனையே சாத்தியமானது. குறிப்பு இல்லாத சரத்தைப் பற்றி இப்படி வாதிடக்கூட முடியாது.

எனக்கு மனத்தை விட்டு அகலாத உதாரணம் வேறொன்று. 1947 பிரிவினையின்போது மொகஞ்சதாரோ நகைகள் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் பங்கிடப்பட்டன. கழுத்தணி ஒன்றும், சூதுபவளம் (கார்னீலியன்) என்ற செந்நிறக் கல்லில் செய்த நீண்ட மணிகளால் ஆன இடையணி ஒன்றும் சரம் பிரிக்கப்பட்டு, மணிகள் ஆளுக்குப் பாதியாகக் கொடுக்கப்பட்டன. அந்த நீண்ட சூதுபவள மணி ஒன்றில் துளையிடவே பல நாள் உழைப்பு தேவைப்பட்டிருக்கும். அதைச் செய்தவர் மனத்தில் இருந்த முழு நகையை இன்று எந்த ஒரு காட்சிப்பேழையிலும் பார்க்க முடியாது. பங்கீடு அரசியல் முடிவு. நாம் அதில் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆனால் ஒரு சரம் எந்த நாளில், யாரால், ஏன் பிரிக்கப்பட்டது என்பதும் அந்தப் பொருளின் வரலாற்றில் ஒரு பகுதி என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே முதல் வேலை, எதையும் பிரிக்காமல் பார்ப்பது. சரத்தை மேசையில் நீட்டிவையுங்கள். நடுவில் பெரிய மணி, இரு பக்கமும் படிப்படியாகச் சிறுத்துக்கொண்டே போகும் ஒழுங்கு, இடமும் வலமும் கண்ணாடி பிம்பம்போல ஒத்துப்போகும் நிறங்கள் என்று இருந்தால் சந்தேகப்படுங்கள். பழங்காலத்தவருக்கும் அப்படி அடுக்கத் தெரியும்தான். ஆனால் பல பொருள், பல காலத்து மணிகளைக் கொண்டு அவ்வாறு அடுக்கியிருந்தால் அது பெரும்பாலும் விற்பவரின் ரசனை. பிறகு நூலைப் பாருங்கள். நைலான் 1930-களின் இறுதியில்தான் சந்தைக்கு வந்தது. நைலான் இழையில் இருக்கும் கோப்பு அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. புற ஊதா விளக்கின் கீழ் நூல் நீலவெள்ளையாகப் பளிச்சிட்டால், அதில் வெண்மையூட்டும் வேதிப்பொருள் இருக்கிறது, ஆகவே அது 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியையோ அதற்குப் பிந்திய காலத்தையோ சேர்ந்தது. பளிச்சிடாததால் மட்டும் அது பழையது என்று ஆகிவிடாது என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ளுங்கள். நூலில் எத்தனை இழை, முறுக்கு எந்தப் பக்கமாகச் செல்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பண்டைய எகிப்தின் ஆளி நூல் பெரும்பாலும் இடமுறுக்கு உடையது. இந்தியத் துணைக்கண்டத்துப் பருத்தி நூல் பெரும்பாலும் வலமுறுக்கு உடையது. இது தீர்ப்பு சொல்லும் சான்று இல்லை. ஆனாலும் எகிப்திய மணிகள் என்று பதிவான சரத்தில் சீரான, மூன்று இழை கொண்ட, வலமுறுக்குத் தையல் நூல் இருந்தால் கோப்பு எந்தக் காலத்தது என்பதில் பெரிய ஐயம் இருக்காது.

இந்தக் கட்டத்திலேயே புகைப்படம் எடுத்துவிட வேண்டும்: அளவுகோலும் நிற அட்டையும் வைத்து, இரு பக்கமும், முடிச்சுகளும் முனைகளும் தனித்தனியாக. புகைப்படம் இருக்கிறதே என்று வரைபடத்தை விட்டுவிடாதீர்கள். கையால் ஒரு கோடு போட்டு, அதன் மேல் மணிகளை வரிசையாக வட்டங்களாகவும் உருளைகளாகவும் குறித்து எண்ணிடும்போதுதான், படத்தில் ஒன்றின் பின் ஒன்று மறைந்திருக்கும் சிறு மணிகள் கண்ணில் படும். எந்த முனையிலிருந்து எண்ணத் தொடங்கினீர்கள் என்பதை எழுதுங்கள். இது அற்பமாகத் தோன்றும். ஆனால் இருபது ஆண்டு கழித்து, உங்கள் 37ஆம் மணியைத் தேடும் ஒருவர் மறுமுனையிலிருந்து எண்ணிக் குழம்பி நிற்கும்போது, அந்த ஒரு வரியின் அருமை அவருக்குத்தான் தெரியும்.

பட்டியலிடுவதில் பலரும் தடுமாறும் இடம், எதற்கு எண் கொடுப்பது என்பது. சரத்துக்கு ஒரு சேர்க்கை எண், மணிகளுக்கு அதன் கீழ் வரிசை எண் என்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். மூன்று மில்லிமீட்டர் மணியின் மேல் மை கொண்டு எழுத முயலாதீர்கள். எண் சரத்தில் கட்டிய அட்டையிலும் பதிவிலும் இருந்தால் போதும். உறைகளில் கிடக்கும் உதிரி மணிகளை எந்தச் சரத்தோடும் அவசரப்பட்டுச் சேர்க்க வேண்டாம். "இன்ன உறையில் கிடந்தவை" என்பதே அவற்றின் இப்போதைய அடையாளம். உறையையும், அதன் மேல் பென்சிலில் கிறுக்கியிருக்கும் எழுத்தையும் சேர்த்தே பாதுகாக்க வேண்டும். அந்தக் கிறுக்கல் பழைய அகழாய்வுக் குழி எண்ணாக இருந்தது எனக்கு ஒருமுறைக்கு மேல் நடந்திருக்கிறது.

வடிவத்துக்குச் சொல் தேடி அலைய வேண்டியதில்லை. மணி ஆய்வாளர் ஹோரஸ் பெக் 1928-இல் வெளியிட்ட வகைப்பாடு இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. அதன் அடிப்படை மிக எளியது: மணியின் நீளத்தை, அதாவது துளை செல்லும் திசையில் உள்ள அளவை, விட்டத்தோடு ஒப்பிடுவது. நீளம் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால் தட்டு மணி. அதற்கு மேல், விட்டத்தின் பத்தில் ஒன்பது பங்கு வரை குட்டை மணி. ஏறத்தாழச் சமமாக இருந்தால் இயல்பு மணி. விட்டத்தைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாக இருந்தால் நீள் மணி. இதோடு பக்கவாட்டு உருவத்தையும் (பீப்பாய், உருளை, இருகூம்பு), குறுக்குவெட்டு உருவத்தையும் (வட்டம், அறுகோணம், சதுரம்) சேர்த்தால் ஒரு மணியை அதைப் பார்க்காதவருக்கும் புரியும்படி சொல்லிவிடலாம். "அழகிய சிவப்பு மணி" என்று எழுதிய பதிவேடுகளோடு மல்லாடியவன் என்ற முறையில், இந்த வறண்ட மொழி எனக்குப் பெரிய ஆறுதல்.

ஒரு மணிக்கான பதிவு எப்படி இருக்கலாம் என்று காட்டுகிறேன். "வரிசை எண் 14. நீளம் 12.4 மி.மீ., அதிகபட்ச விட்டம் 7.8 மி.மீ. நீள் பீப்பாய், வட்டக் குறுக்குவெட்டு. ஒளி ஊடுருவும் செம்பழுப்புக் கல். சூதுபவளம், கண்ணால் பார்த்தது. துளை இரு முனையிலிருந்தும் இடப்பட்டது, நடுவில் சற்று விலகிச் சந்திக்கிறது. துளை விட்டம் முனை அ 2.1, முனை ஆ 1.9 மி.மீ. முனை ஆ-வில் பிறை வடிவில் பழைய சில்லுப் பெயர்ச்சி, விளிம்பு மழுங்கியது. முனை அ-வில் அண்டை மணி உரசிய தட்டையான தேய்மானம். துளைக்குள் மண்." இதை எழுதப் பத்து நிமிடம் ஆகும். இருநூறு மணி உள்ள சரத்துக்கு இதைச் செய்ய முடியாது என்றால், ஒரே மாதிரியான மணிகளைக் கூட்டமாகப் பிரித்து, கூட்டத்துக்கு ஒரு விரிவான பதிவும், மற்றவற்றுக்கு அளவு மட்டும் எடுத்தும் போகலாம். துளையைப் பற்றிய குறிப்பை மட்டும் எந்தக் கூட்டத்துக்கும் விட்டுவிடாதீர்கள்.

ஏனென்றால் மணியைப் பற்றி அதிகம் பேசுவது அதன் துளைதான். மேற்பரப்பைத் தேய்த்து மெருகேற்றிவிடுவார்கள். துளைக்குள் கருவியின் தடம் அப்படியே இருக்கும். இரு பக்கமும் அகன்று நடுவில் குறுகும் உடுக்கை வடிவத் துளை, கூர்முனைக் கருவியால் இரு முனையிலிருந்தும் குடைந்ததைக் காட்டும். நேரான, வழவழப்பான நீண்ட துளைக்குப் பின்னால் வேறு கருவி, வேறு தேர்ச்சி இருந்திருக்க வேண்டும். இதை முறையான ஆய்வாக வளர்த்தவர்களில் முக்கியமானவர்கள், பல் மருத்துவத் துறையைச் சேர்ந்த லெனார்டு கொரெலிக், ஜான் குவின்னெட் என்ற இருவர் என்பது சுவையான செய்தி. பல்லில் அச்செடுக்கும் சிலிக்கோன் பசையைத் துளைக்குள் செலுத்தி அச்செடுத்து, அதை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார்கள். பல் துளைப்பவர்களுக்குக் கல் துளைத்தவரின் கை புரிந்ததில் வியப்பில்லை. ஆனால் இதைப் படித்துவிட்டு நீங்களே அச்செடுக்க முனைய வேண்டாம். நுண்துளை நிறைந்த ஃபையன்ஸ் (குவார்ட்ஸ் தூளைக் குழைத்து மெருகிட்டுச் சுட்ட பொருள்) மணியிலும், விரிசல் விட்ட கண்ணாடியிலும் பசை புகுந்து தங்கிவிடும்.

கண்ணாடி மணிகளுக்கு 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றே போதும். குமிழிகளும் கோடுகளும் துளைக்கு இணையாக ஓடினால், குழாயாக இழுத்துத் துண்டு போட்ட மணி. துளையைச் சுற்றி வளையமாக ஓடினால், கம்பியில் உருகிய கண்ணாடியைச் சுற்றிச் செய்த மணி. நீளவாக்கில் ஒரு பொருத்துக்கோடு தெரிந்தால் அச்சில் வார்த்தது. கல் மணிச் சரம் ஒன்றின் நடுவில், எல்லோரும் சூதுபவளம் என்று நம்பிவந்த மணியில் அந்தப் பொருத்துக்கோட்டைக் கண்டு, ஒரு சரத்தின் முழுக் கதையையும் நான் திருத்தி எழுத வேண்டிவந்தது. சுட்ட மாக்கல்லும் ஃபையன்ஸும் இப்படித்தான் ஒன்றையொன்று ஏமாற்றும். ஆகவே பொருளின் பெயருக்கு அருகில், அதை எப்படி அறிந்தீர்கள் என்பதையும், கண்ணாலா, லென்ஸாலா, எக்ஸ்-கதிர் ஒளிர்தல் அல்லது இராமன் நிறமாலைக் கருவியாலா என்பதையும், தவறாமல் எழுதுங்கள்.

சுத்தம் செய்வதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கோக்கும்போது கை தானாக அங்கே போகும் என்பதால் சொல்கிறேன். துளைக்குள் இருக்கும் மண்ணைக் குத்தி எடுக்காதீர்கள். ஒருமுறை நுண்ணோக்கியின் கீழ் ஒரு மணியின் துளையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மண் அடைப்புக்குக் கீழே பழுப்பு நிறத்தில் மயிரிழைபோல ஏதோ அசைந்தது. என் மூச்சுக் காற்றுதான் அதை அசைத்தது. கால் சென்டிமீட்டர்கூட இல்லாத அந்த இழைத்துண்டு, பழைய நூலின் எச்சம். மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த மணியைச் சிறு கண்ணாடிக் குப்பிக்குள் இறக்கிவைத்தேன். அப்படிப்பட்ட துணுக்கிலிருந்து இழை என்ன தாவரத்துடையது என்று அறியலாம்; போதிய அளவு இருந்தால் கதிரியக்கக் கரிமக் காலக்கணிப்பும் செய்யலாம். ஊசியால் ஒருமுறை குடைந்திருந்தால் எல்லாம் குப்பையோடு போயிருக்கும்.

ஈரத்தையும் கரைப்பானையும் தொடாமல் இருப்பதே நல்லது. ஃபையன்ஸ் மணிக்குள் உப்பு இருக்கலாம். நனைத்து உலர்த்தினால் உப்பு மேற்பரப்புக்கு வந்து பளபளப்பான மேல்தோலை உரித்துவிடும். அம்பர் மணியில் ஆல்கஹாலோ அசிட்டோனோ பட்டால் மேற்பரப்பு கெடும். காரப் பூச்சு வைத்துச் சுட்டு வெண்கோடு போட்ட சூதுபவள மணிகளில் அந்தக் கோடு கல்லின் மேல்படலத்தில் மட்டுமே இருக்கிறது, தேய்த்தால் போய்விடும். மென்மையான தூரிகையால் தளர்ந்த தூசியைத் தட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இப்போது கோப்பதற்கு வருகிறேன். எல்லாவற்றையும் புதிய நூலில் கோத்துவிடலாமா என்றால், கூடாது. நூல் தாங்கவில்லை, மணிகள் ஒன்றையொன்று உரசிச் சேதமடைகின்றன, கம்பியில் கோத்திருப்பதால் துளை விளிம்பு அறுபடுகிறது, கோப்பு வெளிப்படையாகத் தவறு என்பதற்குச் சான்று இருக்கிறது, இப்படி ஏதாவது ஒரு காரணத்தை எழுத்தில் சொல்ல முடிந்தால் மட்டும் பிரியுங்கள். காட்சிக்கு வைக்க வேண்டும் என்பது மட்டும் போதிய காரணம் இல்லை; வரிவரியாகப் பள்ளம் வெட்டிய மென்நுரைப் பலகையில் அறுந்த சரத்தை அப்படியே கிடத்தியும் காட்டலாம். பார்வையாளர்கள் நாம் நினைப்பதைவிடப் பொறுமைசாலிகள்.

பிரிப்பது என்று முடிவானால், விளிம்பு உயர்ந்த தட்டு ஒன்றை மேசையிலும், மற்றொன்றை மடியிலும் வைத்துக்கொள்ளுங்கள். மணி உருண்டால் தரைக்குப் போகக் கூடாது. பருத்திக் கையுறை வேண்டாம், விரலுக்குத் தொடு உணர்வு போய்விடும், உலோக மணிகளின் கூர்களில் இழை மாட்டிக்கொள்ளும். நைட்ரைல் கையுறை சரி. பழைய இறகு, தோல் முதலியவை சேர்ந்த நகைகளில் ஒரு காலத்தில் ஆர்செனிக் கலந்த பூச்சிமருந்து பூசியிருப்பார்கள் என்பதால் உங்கள் பாதுகாப்புக்கும் அது வேண்டும். நூலை ஒரே வெட்டில் உருவாமல், இரண்டு மூன்று சென்டிமீட்டராக வெட்டி, அந்தந்த மணிகளை எண்ணிட்ட குழிகளில் வரைபடத்தின் வரிசைப்படி இறக்கிவையுங்கள். நூல் ஓரளவு வலுவாக இருந்தால் இன்னொரு வழியும் உண்டு: புதிய நூலின் முனையைப் பழைய நூலின் முனையோடு இணைத்து, மணிகளை ஒவ்வொன்றாகப் பழையதிலிருந்து புதியதற்கு நகர்த்திவிடலாம். இதில் வரிசை மாறுவதற்கு வாய்ப்பே இல்லை. இணைப்பு தடித்துத் துளையை அடைத்தால் மட்டும் வலுக்கட்டாயம் செய்யாதீர்கள்.

எந்த நூல் என்ற கேள்விக்கு, எந்த நூல் கூடாது என்று சொல்வது எளிது. உலோகக் கம்பி கூடாது. துரு பிடிக்கும், துளையை அறுக்கும். ஒற்றை இழை நைலான் நரம்பு கூடாது. அது வளைந்த வளைவிலேயே நிற்கும், முடிச்சு நழுவும், காலப்போக்கில் நொறுங்கும். பட்டு பார்க்க அழகு, ஆனால் ஒளியில் சீக்கிரம் இற்றுவிடும். சாயம் ஏற்றாத, பல இழை முறுக்கிய பாலியெஸ்டர் நூலைத்தான் நான் பெரும்பாலும் பயன்படுத்துகிறேன். எவ்வளவு வலுவான நூல் கிடைக்கும் என்று தேடுபவர்களைப் பார்க்கிறேன். அது தலைகீழான தேடல். சரம் எங்காவது மாட்டி இழுபட்டால் அறுபட வேண்டியது நூல், உடைபட வேண்டியது மணி அல்ல. எனவே சரத்தின் எடையைத் தாராளமாகத் தாங்கும், ஆனால் மிக நலிந்த மணியைவிட முன்னதாக அறுந்துவிடும் நூலே சரியான நூல். அறுந்தாலும் ஓரிரு மணிக்கு மேல் உதிராதபடி இடையிடையே முடிச்சு போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

முடிச்சுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஸ்படிகம், சூதுபவளம் போன்ற குவார்ட்ஸ் வகைக் கற்களின் கடினம், கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோ அளவில், 7. லாபிஸ் லாசுலி 5 சொச்சம். சங்கு, சிப்பி 3 அளவில். அம்பர் 2 அல்லது 2.5. கடினமானதும் மென்மையானதும் அடுத்தடுத்து நின்று உரசினால் எது தேயும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த இடங்களில் முடிச்சு ஒரு மெத்தைபோல நிற்கும். ஆனால் முடிச்சு சரத்தை நீளமாக்கும் என்பதால், எத்தனை முடிச்சு, அதனால் நீளம் எவ்வளவு கூடியது என்று பதிவில் இருக்க வேண்டும்.

ஊசி வேண்டாம். நூலின் முனையை அசிட்டோனில் கரைத்த பாரலாய்டு பி-72 பிசினில் தோய்த்து, மணிகளுக்கு அப்பால் வைத்து நன்றாக உலர்த்தி, சாய்வாக வெட்டினால் அதுவே ஊசியாகும். துளையின் உட்சுவரைக் கீறாது. மணி நுழைய மறுத்தால் நூலை மெல்லியதாக மாற்றுங்கள், துளையை ஒருபோதும் அகலப்படுத்தாதீர்கள். சரத்தை இறுக்கிக் கட்டாமல், வளைத்தால் மணிகள் ஒன்றையொன்று நெம்பாத அளவுக்கு ஒரு மணியின் இடைவெளி தளர்வாக விடுங்கள்.

கோத்து முடித்ததும் பழைய நூலைக் குப்பையில் போடக் கூடாது. அது நேற்றைய தையல் நூலாக இருந்தாலும், முடிச்சுகளோடு சிறு பையில் போட்டு, அதே எண்ணிட்டு வையுங்கள். பதிவில் மூன்று செய்திகள் தெளிவாக இருக்க வேண்டும்: முன்பிருந்த வரிசை என்ன, இப்போதைய வரிசை என்ன, மாற்றியிருந்தால் எந்தச் சான்றின் பேரில் யார் எப்போது மாற்றினார். காட்சி அட்டையிலும் "மணிகள் பழங்காலத்தவை, கோப்பு தற்காலத்தது" என்று ஒரு வரி போடலாம். அதைப் போடத் தயங்கும் அருங்காட்சியகங்கள் உண்டு. எனக்கு அந்தத் தயக்கம் புரிவதில்லை.

சேமிப்பறையைப் பற்றி ஒன்றிரண்டு வார்த்தை. மணிச்சரங்கள் இப்போது மர இழுப்பறைகளில் இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். ஓக் போன்ற மரங்கள் அசிட்டிக் அமில ஆவியை வெளிவிடும். சங்கு, சிப்பி மணிகள் மேல் அது வெள்ளைப் பூப்பாகப் படிந்து அவற்றையே தின்றுவிடும். சேகரிப்பாளர்கள் இதைப் பைன் (Byne) நோய் என்பார்கள். செம்பு, வெண்கல மணிகளில் வெளிர் பச்சைத் தூள் தெரிந்தால் உடனே தனியே எடுத்து உலர்வான பெட்டியில் வையுங்கள். கண்ணாடி மணிகள் பிசுபிசுத்து வியர்ப்பதுபோல இருந்தாலோ, உள்ளே வலைபோல விரிசல் ஓடியிருந்தாலோ, அவற்றை ஒரேயடியான உலர்வுக்கும் கொண்டுபோகக் கூடாது. ஒப்பு ஈரப்பதம் 40 சதவீதம் அளவில் ஏறாமல் இறங்காமல் நிற்பதுதான் அவற்றுக்கு நல்லது. ஆக, ஒரே சரத்தில் வெண்கலமும் நோயுற்ற கண்ணாடியும் சேர்ந்து இருந்தால் எதற்காகச் சூழலை அமைப்பது என்பது உண்மையிலேயே தர்மசங்கடம்தான். அப்படிப்பட்ட சரத்தை நான் பிரித்துத் தனித்தனிப் பெட்டியில் வைத்து, வரைபடத்தில் மட்டும் ஒன்றாக வைத்திருக்கிறேன்.

இனி உங்கள் நீலமணிச் சரம். வறண்ட நிலத்து அகழாய்விலிருந்து வந்தது, நூல் பழுப்பேறி, தொட்டால் பொடியாகும்போல் இருக்கிறது, முடிச்சுகள் மணிகளுக்கு இடையே மண்ணோடு ஒட்டியிருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். முடிச்சின் மேல் மண் படிந்திருக்கிறது என்றால், அந்த முடிச்சு மண்ணுக்குள் போவதற்கு முன்பே போடப்பட்டதாக இருக்க மிகுந்த வாய்ப்பு உண்டு. அப்படியானால் அந்த நாற்பதில் வரிசையும் நூலும் பழங்காலத்தவையாக உள்ள ஒரே சரம் அதுதான் என்றும் இருக்கலாம். அதைக் கோக்க வேண்டாம், எடுத்து நிமிர்த்திப் படம் பிடிக்கவும் வேண்டாம். இப்போது இருக்கும் அட்டையோடு சேர்த்துக் கீழே விறைப்பான பலகை ஒன்றைச் செருகித் தூக்கி, மூடியுள்ள பெட்டியில் வைத்து, இழை ஆய்வில் பழக்கமுள்ள பாதுகாப்பு வல்லுநர் ஒருவர் நுண்ணோக்கியோடு வந்து பார்க்கும்வரை இழுப்பறையைத் திறந்து மூடும் அதிர்வுகூடப் படாத தட்டில் விட்டுவையுங்கள். கண்காட்சிக்கு வேறு சரத்தைத் தேர்ந்தெடுங்கள். தையல் நூலில் கோத்த சிவப்புச் சரம் ஒன்றின் படத்தை அனுப்பியிருந்தீர்கள், பார்த்தேன், வேலையைப் பழக அதுவே பொருத்தமானது.